குஞ்சு சேவலா, பெட்டையா? வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

போன வருடம் எங்கள் அம்மா வாரச்சந்தையில் பொரித்து ஒரு நாளான குஞ்சுகள் 12 வாங்கினார். "பத்து பெட்டை, ரெண்டு சேவல். நானே பார்த்துப் பொறுக்கித் தர்றேன்க்கா" என்று சொன்ன வியாபாரி, ஒவ்வொரு குஞ்சையும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உற்றுப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இந்தப் 'பார்த்துத் தரும்' வேலைக்குக் குஞ்சுக்குப் பத்து ரூபாய் கூடுதல். ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. நாலு மாதம் கழித்து விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டைச் சுற்றி ஏழு சேவல்கள் கூவின. முட்டைக்காக வாங்கியதில் நின்றது நாலு பெட்டை.

அந்த வியாபாரி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவரே அதை நம்பியிருக்கலாம். பல பேர் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் இது சிரித்துவிட்டுப் போகும் கதை. ஆனால் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து 25 குஞ்சு வாங்கி, ஆறு மாதத்தில் முட்டை வரும், தவணை கட்டலாம் என்று கணக்குப் போட்டவருக்கு அப்படி இல்லை. சேவல் கறிக்கு மட்டும்தான். அதை எத்தனை நாள் வளர்ப்பது, எப்போது விற்பது, எவ்வளவு தீவனம் போடுவது என்ற கணக்கே வேறு. அதனால் இந்த மாதம் இதைப் பார்ப்போம்.

முதல் நாளில் முடியாது

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழிக் குஞ்சைப் பொரித்த அன்றைக்கு வெளியில் இருந்து பார்த்து, சேவலா பெட்டையா என்று சொல்ல முடியாது. யார் சொன்னாலும் பாதி தடவை சரியாக இருக்கும். ஏனென்றால் பிறப்பதே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். 'அவர் சொன்னா அப்படியே நடக்கும்' என்ற பெயர் சிலருக்கு ஊரில் இருப்பதும் இதனால்தான். சரியாக நடந்ததை எல்லோரும் பேசுவார்கள், தப்பாகப் போனதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதிக்குப் பாதி என்றால் பத்துக் குஞ்சில் சரியாக ஐந்து சேவல், ஐந்து பெட்டை வரும் என்று அர்த்தம் இல்லை. நாணயத்தைப் பத்து தடவை சுண்டிப் பாருங்கள், புரியும். பத்துக் குஞ்சு வாங்கினால் அதில் ஏழோ அதற்கு மேலோ ஒரே பாலாக அமைய ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே யாரும் ஏமாற்றாமலே ஏழு சேவல் வரலாம். குறைந்த எண்ணிக்கையில் வாங்குபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கூர்மையான முட்டையில சேவல், உருண்டை முட்டையில பெட்டை" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் பாட்டி அடை வைக்கும்போது இப்படித்தான் முட்டை பொறுக்குவார். ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டை ஒன்றின் முட்டைகளை ஒரு வாரம் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்கும். பாட்டி சொன்ன கணக்கு சரி என்றால் ஒரு பெட்டைக்குப் பிறப்பது எல்லாம் சேவலாகவோ எல்லாம் பெட்டையாகவோ இருக்க வேண்டுமே! கோழிகளில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய்க்கோழி. மனிதர்களில் தந்தையின் குரோமோசோம் செய்யும் வேலையைக் கோழியில் தாயின் குரோமோசோம் செய்கிறது. அதுவும் ஓடு உருவாகும் முன்பே முடிந்துவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கு இதில் பங்கு இல்லை.

அப்படியென்றால் பெரிய பண்ணைகளில் முதல் நாளே எப்படிப் பிரிக்கிறார்கள்? நியாயமான கேள்வி. மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் நம் கொல்லைக்கு ஒத்துவராது. முதலாவது, குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கி உள்ளே இருக்கும் குண்டூசித் தலை அளவு மேட்டைப் பார்ப்பது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1920-களில் வகுத்த முறை இது. நன்றாகப் பயிற்சி பெற்றவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சுகளைக்கூடப் பிரித்துவிடுவார். ஆனால் அந்தக் கை வர நீண்ட காலப் பயிற்சி வேண்டும். வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யாதீங்க. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் மிச்சம் இருக்கும். அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும்.

இரண்டாவது, இறக்கையை விரித்துப் பார்ப்பது. நீள இறகு இருந்தால் பெட்டை, குட்டை இறகு இருந்தால் சேவல் என்பார்கள். யூடியூப்பில் அதிகம் சுற்றுவது இதுதான். இது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. சீக்கிரம் இறகு வளரும் பரம்பரைச் சேவலையும் மெதுவாக இறகு வளரும் பரம்பரைப் பெட்டையையும் திட்டமிட்டுச் சேர்த்தால் மட்டுமே அவற்றின் குஞ்சுகளில் இந்த வித்தியாசம் வரும். முட்டைக்கோழி நிறுவனங்கள் அப்படிச் சேர்க்கின்றன. உங்கள் தெருவில் எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்பது யாருக்குத் தெரியும்? மூன்றாவது, குஞ்சின் நிறத்தை வைத்துப் பிரிப்பது. அதற்கும் அப்படியே திட்டமிட்ட கலப்பு வேண்டும்.

நாலு வாரத்தில் இருந்து பாருங்கள்

நாலாவது வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக் குஞ்சோடு ஒப்பிட வேண்டாம். இனம், வயது, தீனி எது மாறினாலும் ஒப்பீடு தப்பாகிவிடும்.

முதலில் கொண்டை. சேவல் குஞ்சுக்குக் கொண்டை அடிப்பக்கம் அகலமாகி, சற்று உயர்ந்து, வெளிர் சிவப்பு ஏற ஆரம்பிக்கும். பெட்டைக்குச் சின்னதாக, மஞ்சள் கலந்த வெளிர் நிறத்திலேயே நிற்கும். தாடி முளைக்கும் இடத்திலும் இதே வித்தியாசம். அடுத்தது கால். சேவல் குஞ்சின் கால் தடிமனாக இருக்கும். மூன்றாவது முதுகு. பெட்டைக் குஞ்சுகளுக்கு முதுகும் வாலும் சீக்கிரமாக, சீராக மூடிவிடும். சேவல் குஞ்சுகள் இந்த வயதில் முதுகும் தோளும் அங்கங்கே வெறிச்சோடி, வால் குட்டையாக, பார்க்கவே பாவமாகத் திரியும்.

மூன்றும் ஒரே பக்கம் சொன்னால் நம்பலாம். ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் சொன்னால் முடிவு பண்ணாதீங்க. அந்தக் குஞ்சின் காலில் ஒரு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். கால் வளர வளர நூல் இறுகும், எனவே வாராவாரம் அவிழ்த்துக் கட்ட மறந்துவிட வேண்டாம்.

உறுதியான அடையாளம் எட்டு வாரத்துக்கு மேல் கிடைக்கும். அது வாலுக்குச் சற்று முன்னால், முதுகு முடியும் இடத்தில் இருக்கும் இறகு. சாயங்காலம் கோழி அடையும் நேரத்தில் மெதுவாகத் தூக்கி, அந்த இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். சேவலாக இருந்தால் மெல்லிசாக, நுனி கூர்மையாக, பளபளப்பாகப் புது இறகுகள் முளைத்து வரும். பெட்டைக்கு அந்த இறகு நுனி உருண்டை, பளபளப்பு இருக்காது. கழுத்து இறகிலும் இந்த வித்தியாசம் தெரியும், ஆனால் சில பெட்டைகளுக்கும் கழுத்து இறகு கொஞ்சம் நீளமாக இருந்து குழப்பும். அதனால் வால் பக்கம்தான் என் ஓட்டு. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் இது சந்தேகம் இல்லாமல் தெரிந்துவிடும். அரிவாள் மாதிரி வளையும் வால் இறகு அதற்கும் பிறகுதான் வரும்.

இந்த அடையாளத்தை இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இறகு உருண்டையாக வளர்வது பெட்டையின் சினைப்பையில் சுரக்கும் ஹார்மோனால். அந்த ஹார்மோன் இல்லையென்றால் கூர் இறகுதான் முளைக்கும். பெட்டைக்கோழிக்கு வேலை செய்வது இடது பக்கச் சினைப்பை ஒன்றுதான். அது நோயால் கெட்டுப்போனால் பெட்டைக்குச் சேவல் இறகு முளைக்கும், சில சமயம் கூவவும் செய்யும். 'பெட்டை கூவினா வீட்டுக்கு ஆகாது' என்று உடனே அறுத்துவிடுவார்கள். அதற்கு நோய்தான் காரணம், சகுனம் இல்லை.

நம்பக்கூடாத அடையாளங்களும் சில உண்டு. இரண்டு குஞ்சு நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்கு நிற்பதைப் பார்த்துச் சேவல் என்று முடிவு கட்டுவோம். பெட்டைக் குஞ்சும் அப்படித்தான் நிற்கும். கால்முள்ளும் அப்படியே. முள் வரும் இடத்தில் சின்ன மேடு இரண்டுக்கும் இருக்கும், சில பெட்டைகளுக்கு முள்ளே வளரும்.

எட்டு வாரம் என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. கோழிக்கழிச்சல், அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இறக்கையில் ஊசி போடுவது எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குத்தான். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதங்களில் நடத்தும் இருவார முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது எப்படியும் ஒவ்வொரு கோழியையும் கையில் பிடிக்கத்தான் போகிறீர்கள். அப்போதே வால் பக்கத்தையும் பார்த்து, சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்று குறித்துவிடலாம். எட்டு முதல் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். மிச்சச் சேவல்களை எப்போது விற்பது என்று அன்றைக்கே முடிவு பண்ணலாம்.

இனம்: நிறத்தைப் பார்க்காதீங்க

"கருப்பா இருக்கு, கடக்நாத்துங்க." "செவலையா இருக்கு, ஒரிஜினல் நாட்டுங்க." இரண்டுமே தவறான பேச்சு. குஞ்சின் பஞ்சு நிறம் வேறு, வளர்ந்த பிறகு வரும் இறகு நிறம் வேறு. முதுகில் அணில் மாதிரிக் கோடு போட்ட குஞ்சு பழுப்பாக வளரலாம், மஞ்சள் குஞ்சு வெள்ளையாகலாம். தவிர, 'நாட்டுக்கோழி' என்பது ஒரே இனத்தின் பெயர் இல்லை. நம் ஊர்த் தெருக்களில் திரிவதில் பெரும்பாலானவை பல தலைமுறையாகக் கலந்தவை. அதில் குறை ஒன்றும் இல்லை. இன்ன இனம் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கும்போதுதான் ஆராய வேண்டும்.

கடக்நாத்தை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரியது. அதன் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் இருந்து விலையும் ஏறியது, போலியும் ஏறியது. கருப்பு இறகு மட்டும் போதாது. வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள், உள்ளங்காலைப் பாருங்கள், இறக்கைக்கு அடியில் தோலைப் பாருங்கள். எல்லாம் கருமையோ சாம்பல் கருமையோ படர்ந்திருக்க வேண்டும். உள்ளங்கால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது கருப்பு இறகு போட்ட வேறு கோழி. ஒரு எச்சரிக்கை: இந்தக் கருமை ஓங்கி நிற்கும் மரபுக்கூறு என்பதால் கடக்நாத்தோடு கலந்த குஞ்சுகளும் ஓரளவு கருப்பாகவே இருக்கும். ஆகவே இந்தச் சோதனையில் தோற்றால் கடக்நாத் இல்லை என்று சொல்லலாம், ஜெயித்தால் சுத்தமான கடக்நாத் என்று சொல்ல முடியாது. தாய் தகப்பனை நேரில் பார்ப்பதுதான் வழி. இந்த இனத்தில் கொண்டையும் கருமை என்பதால் 'சிவப்பு ஏறுதா' என்று பார்த்துப் பாலைப் பிரிக்க முடியாது. கொண்டையின் அளவையும் இறகையும் மட்டும் பாருங்கள்.

அசில், நம் ஊரில் சண்டைக்கோழி. குஞ்சிலேயே கால் நீளமாக, தடித்து, கழுத்து நிமிர்ந்து நிற்கும். கொண்டை ரம்பம் மாதிரி நிற்காமல் தலையோடு ஒட்டிச் சின்ன மேடாக இருக்கும். வளர்ப்பவர்கள் அதைப் 'பூ' என்பார்கள். தாடி இல்லாதது மாதிரியே இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொண்டை சின்னதாக இருப்பதால் அசில் சேவல் குஞ்சைப் பெட்டை என்று எடுத்துப் போய்விடுவார்கள். அசிலுக்கு இறகும் மெதுவாகத்தான் மூடும். எனவே பன்னிரண்டு வாரமாவது பொறுங்கள். கிளிமூக்கு, விசிறிவால் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை பேசுபவர்களிடம் இன்னும் பொறுமை தேவை. விசிறிவால் குஞ்சில் தெரியாது, மூக்கின் வளைவு மட்டும் ஓரளவு தெரியும். கோழிகளைச் சண்டைக்கு விடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளிலேயே கண்டுபிடிக்க முடிகிற கோழி ஒன்று உண்டு. கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி. பொரித்து வரும்போதே கழுத்து மொட்டையாக இருக்கும். கழுத்தின் முன்பக்கம், இரைப்பைக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு இறகுக் குஞ்சம் இருந்தால், பெரும்பாலும் தாயிடமோ தகப்பனிடமோ ஒரு பக்கம் மட்டும் இந்தக் குணம் வந்திருக்கிறது என்று பொருள். குஞ்சம் இல்லாமல் சுத்தமாக மொட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் வந்திருக்கிறது.

சிறுவிடை என்று நாம் சொல்வது உடம்பு சிறுத்து, கால் குட்டையாக, நன்றாக அடை படுக்கும் கோழி. குஞ்சு வயதில் இதைப் பெருவிடையில் இருந்து உறுதியாகப் பிரிப்பது கஷ்டம். வனராஜா, கிராமப்ரியா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவை புறக்கடைக்கென்றே உருவாக்கப்பட்டவை. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும், ஆனால் அடை படுப்பது குறைவு. வனராஜா முட்டையை அடை வைத்துப் பொரித்த குஞ்சு தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதுவே ஒரு கலப்பு.

சைக்கிளில் வரும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பிரித்துத் தள்ளப்பட்ட சேவல் குஞ்சுகள், சாயம் போட்டவை. அங்கே முட்டையிடாத சேவல் வேண்டாம். முதல் நாளே பால் உறுதியாகத் தெரிந்த குஞ்சு சந்தையில் உண்டென்றால் அது இதுதான்.

வாங்கும்போது, போன் கையில் இருக்கட்டும்

முட்டைக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஒரு நாள் குஞ்சு வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வார வயதில், பார்த்து வாங்குங்கள். விலை கூடும். ஆனால் ஒரு நாள் குஞ்சில் சாவு போக, சேவல் போக மிஞ்சும் பெட்டைக்கு ஆன செலவையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அரசு மானியத் திட்டங்களில் நாலு வாரக் குஞ்சு கிடைத்தால் பெட்டையும் சேவலும் கலந்துதான் வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். தனியாரிடம் நாலு ஆறு வாரக் குஞ்சு வாங்கும்போது, அந்தக் கூட்டத்தில் இருந்து ஏற்கெனவே பெட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

வாரம் ஒரு தடவை ஒரே இடத்தில், வெள்ளை வேட்டியோ துண்டோ விரித்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குஞ்சையும் மூன்று படம் எடுங்கள்: தலை பக்கவாட்டில், முதுகு மேலிருந்து, கால் அருகில். நூல் நிறம் படத்தில் தெரியட்டும். நாலு வாரப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நேரில் கண்ணுக்குப் படாத மாற்றம் தெரியும். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதற்கும் இந்த மூன்று படம் போதும். படத்தை வைத்து இனம் சொல்கிறேன் என்று பணம் கேட்கும் செயலிகளுக்குக் காசு கட்டாதீங்க. நாக்கும் உள்ளங்காலும் தோலும் அந்தப் படத்தில் இருக்காது.

வாட்ஸ்அப்பில் 'ஒரிஜினல் கடக்நாத், பெட்டை மட்டும், முன்பணம் அனுப்புங்க' என்று வந்தால் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறும் முன் தடுக்க முடிவது சீக்கிரம் சொன்னால்தான். கடையில் ரசீதோடு வாங்கி, சொன்ன இனம் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதில் இனம், வயது, எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குங்கள். 'கோழிக்குஞ்சு' என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்து எதையும் கேட்க முடியாது. வளர்ப்புச் சந்தேகங்களுக்கு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் அல்லது கிசான் கால் சென்டர் 1800-180-1551. நோய் என்றால் 1962.

இந்த முறை அம்மா பத்து வாரக் குஞ்சு ஆறு வாங்கினார். விற்றவர் வேறு ஆள். "எல்லாமே பெட்டைங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, வாலுக்கு முன்னால் இறகை விலக்கிப் பார்த்து, அஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுத்துக்கொண்டார்.